இழுவையும் நிதானமும்: மானாவாரிக் காட்டிலிருந்து தமிழ் நெடுந்தொடரைப் பார்த்தல்

மெதுவாக நகரும் தொலைக்காட்சித் தொடர் பொறுமையாகப் பார்ப்பவருக்கு ஏதேனும் தருகிறதா என்ற கேள்விக்குத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் ஒரு சிரிப்பையே பதிலாகத் தந்திருக்கிறது. கன்னத்தில் விழும் ஓர் அறைக்கு மூன்று கோணம், கோணத்துக்கொரு இடியோசை, கூடத்தில் நிற்கும் எட்டுப் பேரின் முகம், அதற்குள் 'தொடரும்'. கிண்டல் நியாயமானதுதான். ஆனால் பார்ப்பவர்களும் இதே கிண்டலைச் செய்கிறார்கள். 'ஜவ்வா இழுக்கிறான்' என்று அலுத்துக்கொண்டே மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து உட்காருகிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று முடிவுகட்டுவது ஆய்வாளருக்கு வசதியானது, விளக்கமாகாது. தொடரின் மந்தகதிக்குப் பலன் உண்டு, அது முடிவில் காத்திருப்பதில்லை, அதைப் பெற்றுத்தருவதும் பொறுமையைவிடப் பழக்கமே என்பது என் வாதம்.

வாதத்தை எம்.ரெட்டியபட்டி போன்ற ஓர் ஊரில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றுப்பட்ட இந்த மானாவாரிக் காட்டுக்கு மெதுவான கதை புதிதல்ல. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, பருத்தியும் மிளகாயும் மல்லியும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி தொடங்கி ஊர்ப்பொங்கல் காலம். பொங்கலுக்கு நாடகம் வைப்பது தென்மாவட்டங்களின் நெடுநாள் வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த வழியில், இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' அது. மேடையேறும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒரே குழுவினர் அல்லர். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி, நோட்டீசில் பெயர்போட்டு அழைக்கப்படுபவர்கள். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் என்றால் வள்ளி யாருக்கு வாழ்க்கைப்படுவாள் என்று கேட்கக்கூடிய குழந்தைகூட அந்தத் திடலில் இருக்காது.

அப்படியானால் எட்டு மணி நேரம் எதற்காக உட்காருகிறார்கள்? நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. கதை ஓரடிகூட நகராத இடம் அது. கேள்வி, மறுகேள்வி, பாட்டு, எதிர்ப்பாட்டு என்று இரண்டு நடிகர்கள் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்கிறார்கள். போன வருஷத்து வள்ளி இந்த இடத்தில் எப்படித் திருப்பிக் கொடுத்தாள் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வருஷத்து வள்ளியின் கெட்டிக்காரத்தனம் புரியும். புதிதாக வந்தவர் தூங்கிப்போவார். ஆக, கதை நிற்கிற இடத்தில் பலன் விழுவதும், அது பழகியவருக்கே கிட்டுவதும் தொலைக்காட்சி கண்டுபிடித்தவை அல்ல.

தொலைக்காட்சி இந்தப் பக்கம் வந்தபோது அதன் இயல்பு வேறாக இருந்தது. தூர்தர்ஷன் காலத்துக் கதைகள் வாரத்துக்கொருமுறை வந்தன. பெரும்பாலானவை பதின்மூன்று வாரக் கணக்குக்குள் அடங்கின. கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' போன்றவை சிறுகதையின் கட்டுக்கோப்போடு வந்தவை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் கதையை நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசை, குறிப்பாக 'விடாது கருப்பு', ஒரு வாரம் காத்திருக்கவைத்து விடையைத் துளித்துளியாகக் கொடுத்தது. அங்கே பொறுமைக்கு நேரடிக் கூலி உண்டு. கூலி கிடைத்ததும் கணக்கு முடிந்துவிடும் என்பதும் உண்மை.

1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கி, 1999இல் ராதிகாவின் 'சித்தி' இரவு நேரத்தை வசப்படுத்தியபின் கணக்கே மாறியது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள் ஓடியது. விளம்பரம் போகப் பகுதிக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் சுமார் 270 மணி நேரம். அமெரிக்காவில் நிதானமான கதைசொல்லலின் உச்சம் என்று கொண்டாடப்படும் 'தி வயர்' மொத்தமே அறுபது பகுதிகள்தான். திருசெல்வத்தின் 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. இதற்கிடையே, 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்துமுடித்தது. பஞ்சாயத்து டி.வி.க்கு முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்த கதை அவரவர் வீட்டுக்குள் போனது.

இந்த நீளத்துக்குக் காரணம் கலைக்கொள்கை இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தை வாங்கி, அதற்குள் வரும் விளம்பர நேரத்தை விற்றுப் பிழைக்கும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. ஓடுகிற குதிரையை யாரும் நிறுத்தமாட்டார்கள். கையில் காட்சி குறைந்த நாளில் முகங்களைக் காட்டியாவது நேரத்தை நிரப்புவார்கள். வணிகக் காரணத்தால் பிறந்த மந்தகதியில் கலைப்பலன் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். ஆனால் ஒரு வடிவம் எதனால் நீண்டது என்பதை வைத்து அந்த நீளம் என்ன செய்கிறது என்பதைத் தீர்மானிக்க முடியாது. சுற்றுப்பட்டியிலிருந்து வண்டி கட்டியும் நடந்தும் வந்தவர்கள் விடிந்தபின்தான் திரும்பிப் போகமுடியும் என்பது விடியவிடிய நாடகம் நடந்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். அதனால் தர்க்கத்தின் சுவை குறைந்துவிடவில்லை.

இங்கே ராபர்ட் சி. ஆலன் 1985இல் அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களைப் பற்றி எழுதிய நூலின் ஒரு கருத்து மிகவும் உதவும். ஒரே செய்தி திரும்பத்திரும்பச் சொல்லப்படுவது வெளியாளுக்கு வெறும் கூறியது கூறல், பழகியவருக்கு அப்படியில்லை. யார் யாரிடம் சொல்கிறார், கேட்டவர் எப்படி ஏற்கிறார் என்பதில் ஒவ்வொரு முறையும் புது நிகழ்வு இருக்கிறது என்கிறார் அவர். 'மெட்டி ஒலி'யின் அமைப்பே இதற்காகச் செய்ததுபோல் இருக்கும். தாயில்லாத ஐந்து பெண்கள், அப்பா சிதம்பரம் (டெல்லி குமார்), பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போன வீடுகள். ஒரு மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிறந்தவீடு வந்தாள் என்ற சேதி மற்ற வீடுகளுக்குப் போக நாளாகும். அந்த நாட்களில் 'கதை' ஒன்றும் நடக்காது. சேதி ஒரு வீட்டில் குத்தலாகிறது. இன்னொன்றில் மருமகனின் மௌனமாகிறது. மற்றொன்றில் 'ஒங்க வீட்டுப் பழக்கமே அதுதான்' என்று மாமியார் கைக்கு ஆயுதமாகிறது. பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் இடையே மானம் எப்படிக் கைமாறுகிறது என்பதை இத்தனை துல்லியமாகக் காட்ட இரண்டரை மணி நேரத் திரைப்படத்தால் முடியாது. உறவுக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்துப் பழகிய ஊர்களில் இதற்குத் தனி விளக்கவுரை தேவைப்படவும் இல்லை.

பெண்ணியத் திறனாய்வாளர் டானியா மோட்லெஸ்கி 1982இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய தொடர்களின் தாளம், வேலையிடையே அறுந்து அறுந்து பார்க்கும் வீட்டுப் பெண்ணின் நேரத்தோடு பொருந்துகிறது என்றார். மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டோ, அடுப்பைக் கவனித்துக்கொண்டோ காதால் பார்க்கிறவருக்குத் தொடரின் மெதுவோட்டம் சோதனை ஆவதில்லை. சோதனை, கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன் உட்காரும் விமர்சகருக்குத்தான். நாடகம் அறுவடைக்குப் பிந்தைய ஓய்வில் வருஷத்துக்கு ஓர் இரவை முழுசாகக் கேட்டது. தொடரோ விதைப்பு, களையெடுப்பு என்று பாராமல் அன்றாடம் அரைமணி நேரத்தை, அதுவும் பாதிக் கவனத்தை, கேட்கிறது. பொறுமை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அளப்பது பொருந்தாது.

பலன் முடிவில் இல்லை என்பதற்கு 2020 ஊரடங்கு ஒரு சான்று. தூர்தர்ஷன் 'ராமாயணம்' தொடரை மறுஒளிபரப்பியதுபோல் சன் டிவி 'மெட்டி ஒலி'யைக் கொண்டுவந்தது. முடிவு தெரிந்தவர்களே மறுபடி பார்த்தார்கள். பொதுவாகவே நெடுந்தொடரின் கடைசி வாரம் அதன் மிகச் சாதாரணமான பகுதி. கெட்டவர் திருந்துவார் அல்லது சாவார். 'கோலங்கள்' பற்றி என் குறை வேறு. தேவயானி நடித்த அபி தன் காலில் எழுந்துநிற்கும் முற்பகுதியில் ஒவ்வொரு சறுக்கலும் அடுத்த முடிவைப் பாதித்தது. நேற்று பட்டது இன்று பேச்சில் தெரிந்தது. வில்லன் ஆதியின் பழிவாங்கல் மேலோங்கிய பிற்பகுதியில் ஒரு சதி போய் இன்னொரு சதி வந்தது. முந்தையது பிந்தையதில் தழும்பாக நிற்கவில்லை. இழுவை என்று நான் சொல்வது இதைத்தான். வேகம் இங்கே அளவுகோல் ஆகாது. தொடர் தன் பழசை நினைவில் வைத்திருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது. பார்ப்பவர் நினைவு வைத்திருந்து, கதை மறந்துபோனால், பழக்கம் வீணாகிறது. 2014 மார்ச்சில் 'நாதஸ்வரம்' தொடர் தன் ஆயிரமாவது பகுதியைக் காரைக்குடியில் வெட்டில்லாத ஒரே காட்சியாக நேரடியாக நடத்தி கின்னஸ் சாதனை படைத்தது. திறமையான வேலை. ஆனால் அந்தச் சாதனையை ரசிக்க முந்தைய 999 பகுதிகள் அவசியமில்லை.

இணையத் தொடர்கள் இழுவை என்ற குறையைத் தீர்த்துவிட்டன என்ற பேச்சும் இருக்கிறது. 2022இல் வந்த 'சுழல்', 'வதந்தி' இரண்டும் எட்டெட்டுப் பகுதிகள். காட்சிகள் நிதானமானவை, படப்பிடிப்பு செம்மையானது. அவற்றின் உந்துவிசை மர்மம். 'விடாது கருப்பு'வின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஒரு வார இறுதியில் பார்த்து முடிக்கும் கதையில் ஒருவரோடு பழகி அவரை அறிவதற்கு நேரம் போதாது.

பழக்கம் என்பது எவ்வளவு கெட்டியான முதல் என்பதை 'எதிர்நீச்சல்' காட்டியது. 2022இல் தொடங்கிய அத்தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். தேனிப் பக்கத்துப் பேச்சும், வாக்கியத்தை முடிக்காமல் முறைத்து விடுகிற தோரணையும் சேர்ந்தே அந்தக் கொடுமைக்காரர் உருவாகியிருந்தார். வீட்டுப் பெண்களை அவர் அதட்டும் ஒவ்வொரு காட்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்று எந்த மருமகள் என்ன திருப்பிச் சொல்கிறாள் என்பதே வேறுபாடு, வள்ளி நாரதருக்குச் சொல்வதுபோல. பின்னர் அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். இந்தக் காட்டுக்கு அவர் அயலார் அல்லர். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், கமுதி வட்டத்துப் பெருநாழிக்காரர். உருட்டும் விழியும் கனத்த குரலும் குறைவில்லாதவர். அப்படியிருந்தும் 'இது குணசேகரன் இல்லை' என்ற பேச்சு எழுந்தது. கதை அதே கதை, வசனத்தின் போக்கும் அதே போக்கு. பார்த்தவர்கள் சேர்த்துவைத்திருந்தது கதையை என்றால் இழப்பு தெரிந்திருக்காது. ஒரு மனிதர் எந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பேச்சை நிறுத்துவார் என்பதைத்தான் ஒன்றரை ஆண்டாக மனப்பாடம் செய்திருந்தார்கள். புதியவரோடு அதைத் தொடக்கத்திலிருந்து பழக வேண்டியிருந்தது. 2024 ஜூனில் தொடர் நின்று, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மீண்டும் கிளம்பியபோது குணசேகரன் வேல ராமமூர்த்திதான்.