கம்பம் திராட்சையும் ஒரு குட்டும்

எட்டாப்புல, 'கம்பம் கிரேப்ஸ் ஆர் ஸ்வீட்' வாக்கியத்துல 'ஸ்வீட்' நவுன்னு எழுதி வாத்தியார்கிட்ட குட்டு வாங்கினேன். நம்மூர் திராட்சை, என் தலை! தமிழ்ல 'இனிப்பு' பெயர்ச்சொல்தானேங்க? 'ஆன' சேர்த்து 'இனிப்பான'ன்னாத்தான் பெயரடை.

தொல்காப்பியம் சொல்லை பெயர், வினை, இடை, உரின்னு நாலாத்தான் பிரிக்குது. பெயரடைக்குத் தனி வகை கிடையாது. 1856-ல கால்டுவெல்லும், திராவிட மொழிகள்ல பெயரடைங்கிறது பண்பைச் சொல்ற பெயர்தான்னு எழுதினார்.

வெள்ளைக்காரன் மட்டும் என்னவாம்? கிரேக்க டயோனீசியஸ் திராக்ஸ் பேர்ல இருக்கற இலக்கணத்தோட எட்டு சொல்வகைல அட்ஜெக்டிவ் இல்ல, பெயருக்குள்ளயே அடக்கம். லத்தீன் வழி வந்த பழைய ஆங்கில இலக்கணங்களும் 'நவுன் அட்ஜெக்டிவ்'னுதான் சொல்லிச்சு. குட்டை யார்கிட்ட திருப்பிக் கேக்கறது?

இப்ப அண்ணன் மகளுக்கு அதே பாடம். முன்னால 'வெரி' போட்டுப் பாரும்மான்னேன். 'வெரி ஸ்வீட்' சரி. 'வெரி கம்பம்'? சிரிச்சுட்டா.