மின்சாரம்: உராய்வுப் பொறி முதல் மின்சுற்று வரை

ஒரு பொருளில் மின்னூட்டம் தங்கி நின்றால் அது நிலைமின்சாரம். அதே மின்னூட்டம் ஒரு கடத்தியின் வழியே இடைவிடாமல் நகர்ந்தால் மின்னோட்டம். புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வரும்படி அமைத்த மூடிய பாதை மின்சுற்று. இன்று பள்ளிப் பாடநூலில் சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்த மூன்று கருத்துகளும் தெளிவு பெற இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. உரசிய கண்ணாடியில் தெறிக்கும் பொறியும் மின்கலத்திலிருந்து ஓடி வருவதும் ஒன்றுதானா என்ற கேள்வி அந்த வரலாற்றில் நெடுங்காலம் விடையின்றி நின்றது.

உரசலில் பிறந்த பெயர்

அம்பர் என்பது பழங்கால மரப்பிசின் மண்ணுக்குள் புதைந்து இறுகிய பொருள். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அவர்கள் மொழியில் அம்பருக்கு எலக்ட்ரான் என்று பெயர். ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட காந்தவியல் நூலில், கண்ணாடி, கந்தகம், மணிக்கற்கள் எனப் பல பொருள்களும் உரசினால் அப்படியே இழுக்கும் என்று காட்டினார். காந்தத்தின் ஈர்ப்பு வேறு, இந்த ஈர்ப்பு வேறு எனப் பிரித்தவரும் அவரே. அம்பரைப் போன்றவை என்ற பொருளில் அவர் ஆண்ட இலத்தீன் சொல்லிலிருந்துதான் எலக்ட்ரிசிட்டி என்ற பெயர் வந்தது.

பட்டு நூல் சொன்ன சேதி

மின்னூட்டம் இடம்விட்டு இடம் போகும் என்பதைக் கண்டறிந்தவர் ஸ்டீபன் கிரே. கேன்டர்பரி நகரத்துச் சாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1729இல் ஒரு கண்ணாடிக் குழாயை உரசியபோது, அதன் வாயை அடைத்திருந்த தக்கையும் இறகை இழுப்பதைக் கவனித்தார். உரசாத தக்கைக்கு அந்த ஆற்றல் எப்படி வந்தது? தக்கையில் குச்சியைச் செருகினார், குச்சியின் நுனியில் தந்தப் பந்தை மாட்டினார், பிறகு சணல் கயிற்றில் பந்தைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு முறையும் பந்து இறகை இழுத்தது.

கயிற்றைக் கிடைமட்டமாகக் கொண்டுபோக, உத்தரத்திலிருந்து இன்னொரு கயிற்றால் தாங்கியபோது சோதனை பொய்த்தது. நண்பர் கிரான்வில் வீலர், தாங்கும் கயிற்றுக்குப் பதிலாக மெல்லிய பட்டு நூலைப் போடச் சொன்னார். மின்னூட்டம் மறுமுனை வரை போனது. பட்டு நூல் பாரம் தாங்காமல் அறுந்தபோது, அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். உடனே மின்னூட்டம் காணாமல் போயிற்று. நூலின் பருமனில் ஒன்றும் இல்லை, அது எந்தப் பொருளால் ஆனது என்பதே முக்கியம் என்பது அப்போது தெரிந்தது. பித்தளை மின்னூட்டத்தை உத்தரத்துக்குக் கடத்திவிட்டது, பட்டு கடத்தவில்லை. கடத்தி, கடத்தாப் பொருள் என்ற பாகுபாடு பிறந்த இடம் இது. அந்தக் கோடையிலேயே இருவரும் 600 அடிக்கு மேற்பட்ட தொலைவுக்கு மின்னூட்டத்தைச் செலுத்திக் காட்டினர்.

சாடியில் அடைத்த மின்சாரம்

1733இல் பிரான்சின் து ஃபே, மின்னூட்டம் இரு வகைப்படும் என்றார்: உரசிய கண்ணாடியில் தோன்றுவது ஒன்று, உரசிய பிசினில் தோன்றுவது மற்றொன்று. ஒரே வகை ஒன்றையொன்று தள்ளும், வேறு வகை இழுக்கும். பின்னர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், இருப்பது ஒரே மின்பொருள்தான், அது மிகுந்தால் நேர், குறைந்தால் எதிர் என்று விளக்கினார். உரசல் மின்னூட்டத்தை உண்டாக்குவதில்லை, ஒரு பொருளிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குத் தருகிறது என்பது அவர் தந்த கருத்து. அது இன்றும் மாறவில்லை.

இதற்கிடையே 1745, 1746 ஆண்டுகளில் பொமரேனியாவின் கிளைஸ்ட்டும் லெய்டன் நகரப் பேராசிரியர் முஸ்சென்புரூக்கும் தனித்தனியே மின்னூட்டத்தைக் கண்ணாடிச் சாடியில் சேமிக்கக் கற்றனர். பிரெஞ்சு அறிஞர் நோலே, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்க வைத்தார். வரிசையின் இரு முனைகளும் சாடியைத் தொட்ட நொடியில் அத்தனை பேரும் ஒன்றாகத் துள்ளினர். மனிதர்களால் ஆன மூடிய மின்சுற்று அது. ஆனால் அதில் மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரமே இருந்தது. ஒரே பாய்ச்சலில் சாடி வெறுமையாகிவிடும்.

ஓயாத ஊற்று

பொலோனியாவின் லூயிஜி கால்வானி, இரு வேறு உலோகங்கள் தொட்டதும் செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு, மின்சாரம் உயிரின் உடலிலேயே இருக்கிறது என 1791இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ வோல்டா அதை ஏற்கவில்லை. இரண்டு உலோகங்களும் அவற்றிடையே ஈரமும் இருந்தால் போதும், தவளையே வேண்டாம் என்றார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1800 மார்ச் 20ஆம் தேதியிட்ட கடிதத்தில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை விவரித்தார். துத்தநாகம் வேதிமாற்றம் அடைந்துகொண்டிருக்கும் வரை அந்த அடுக்கிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். இதன் பிறகே தொடர்ச்சியான மின்னோட்டத்தை ஆராய வழி பிறந்தது. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். ஓட்டத்தை அளக்க ஒரு கருவி அதனால் கிடைத்தது.

ஓமின் கணக்கு

கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் கேயோர்க் ஓம் அந்த ஊசியைக் கொண்டு கம்பிகளில் பாயும் ஓட்டத்தை அளக்கத் தொடங்கினார். வோல்டாவின் அடுக்கு போன்ற அன்றைய மின்கலங்களின் வலிமை நிமிடத்துக்கு நிமிடம் குறைந்து கணக்கைக் கெடுத்தது. எனவே பிஸ்மத், செம்பு இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஓட்டத்தைத் தள்ளும் மின்னழுத்தத்தை மாறாமல் பெற்றார். 1827இல் அவர் நூல் வெளிவந்தது. மின்னழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், ஓட்டத்துக்குக் கம்பி தரும் தடை கூடினால் ஓட்டம் குறையும் என்பதே ஓம் விதி. சொந்த நாட்டில் அதற்கு வரவேற்பு இல்லை. 1841இல் ராயல் சொசைட்டி காப்ளே பதக்கம் தந்த பிறகே அவர் புகழ் பரவியது.

1845இல் 21 வயது மாணவர் குஸ்தாவ் கிர்க்காஃப், கிளைகள் கொண்ட சுற்றுகளுக்கும் விதி வகுத்தார். ஒரு சந்திக்குள் வரும் ஓட்டமும் வெளியேறும் ஓட்டமும் சமம். ஒரு மூடிய பாதையைச் சுற்றி வந்தால், மூலம் தந்த மின்னழுத்தம் முழுவதும் வழியில் செலவாகியிருக்கும்.

திருவிழாவில் தொங்கும் பழைய குமிழ்விளக்குச் சீரியல் செட்டில் இந்த விதிகளைக் கண்ணால் காணலாம். அதில் விளக்குகள் தொடரிணைப்பில் உள்ளன. 230 வோல்ட்டை அவை பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்றின் இழை அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணையும். வீட்டு வயரிங் பக்க இணைப்பு. ஒவ்வொரு சாதனத்துக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். அதில் 60 வாட் குமிழ்விளக்கு சுமார் 0.26 ஆம்பியரும், 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி சுமார் 4.3 ஆம்பியரும் எடுக்கும்.

இரண்டும் ஒன்றே

பொறிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை உறுதி செய்தவர் மைக்கேல் ஃபாரடே. பெரிய உராய்வு எந்திரத்தை 30 முறை சுற்றித் திரட்டிய மின்னூட்டத்தைக் காந்த ஊசிக் கருவி வழியே செலுத்தினார். பிறகு மெல்லிய பிளாட்டினக் கம்பியையும் துத்தநாகக் கம்பியையும் மிக நீர்த்த அமிலத்தில் 3 வினாடி அளவே அமிழ்த்தினார். இரண்டும் ஊசியை ஒரே அளவு திருப்பின. 1833இல் வெளியான இந்த முடிவு, எல்லா மின்சாரமும் ஒரே தன்மையது என்று காட்டியது. உரசலில் மின்னழுத்தம் மிக அதிகம், மின்னூட்டம் மிகக் குறைவு, மின்கலத்தில் நேர்மாறு.

உலர்ந்த காற்றில் 1 சென்டிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். நைலான் சட்டையைக் கழற்றும்போது எழும் சிறு பொறிகூட ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்டது. அதில் உள்ள மின்னூட்டம் சொற்பம் என்பதால் சுருக்கென்று முடிந்துவிடுகிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரமோ உடல் வழியே தொடர்ந்து பாய்வதால் உயிரைப் பறிக்கிறது.

1897இல் ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்த எலக்ட்ரான் என்ற நுண்துகள், நகர்வது எது என்பதைச் சொன்னது. அதன் மின்னூட்டம் எதிர். பிராங்கிளின் வழியில் வரைந்த மின்னோட்டத் திசைக்கு எதிர்த்திசையில் அது செல்கிறது. அதன் வேகமும் வியப்பூட்டும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்கள் ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது, கம்பி முழுவதும் உள்ள எலக்ட்ரான்களைத் தள்ளும் மின்புலம் மிக விரைவாகப் பரவுவதால்தான்.

இணையான இரு கம்பிகளுக்கு இடையிலான காந்த விசையைக் கொண்டே 1948 முதல் மின்னோட்டத்தின் அலகான ஆம்பியர் வரையறுக்கப்பட்டது. மின்னூட்டத்தின் அலகான கூலும் அதிலிருந்து பெறப்பட்டது. 2019 மே 20 முதல் இந்த வரிசை தலைகீழானது. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் மாறாத எண்ணாக நிறுவப்பட்டு, அதிலிருந்தே ஆம்பியர் கணக்கிடப்படுகிறது: வினாடிக்குச் சுமார் 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடந்தால் 1 ஆம்பியர்.