பொத்தானுக்கு முன் செயற்கூறு

தென்காசி மாவட்டத்து இலத்தூரில் பிளஸ் டூ முடிக்கும் மாணவருக்கு மென்பொருள் வேலை என்பது இன்று சென்னைக்கு ரயிலேறினால்தான் கிடைக்கும் ஒன்றல்ல. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றும் பள்ளியையும் நடத்துகிறது. வாய்ப்பு பக்கத்தில் வந்ததும் அவசரமும் கூடிவிட்டது. பைத்தான் நிரல்மொழியைத் தொடங்கிய சூட்டோடு மாணவர்கள் பொத்தான் வைத்த உரையாடல் பெட்டி ஒன்றைச் செய்துகாட்ட ஆசைப்படுகிறார்கள். செயற்கூறு (ஃபங்ஷன்) கைவருமுன் பொத்தானுக்குப் போகும் இந்த வரிசை தவறு என்பது என் வாதம்.

வரைகலை கடினம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதை நான் ஏற்கவில்லை. 1991இல் வந்த விஷுவல் பேசிக்கில் பொத்தானை இழுத்து வைக்க யாரும் திணறியதில்லை. ‘ஃப்ரன்ட் எண்ட் விபி, பேக் எண்ட் ஆக்சஸ்’ என்று எத்தனை கல்லூரி புராஜெக்ட்கள் பைண்டிங்குக்குப் போயின! சிக்கல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கருப்புத் திரை நிரலில் எதை எப்போது கேட்பது என்பதை நாம் எழுதிய வரிகளே முடிவு செய்கின்றன. பைத்தானின் வரைகலை நூலகமான டிகின்டரில் ‘மெயின்லூப்’ தொடங்கியதும் அந்த உரிமை கைமாறுகிறது. நம் செயற்கூறுகளைப் பயனரின் சொடுக்குக்கு ஏற்ப அது அழைக்கிறது.

இது புரியாதவரின் பிழைகள் ஒரே சாயலில் இருக்கும். பொத்தானுக்குச் செயற்கூற்றின் பெயரை மட்டும் தர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியையும் சேர்ப்பார். பெட்டி திறக்குமுன்பே செயற்கூறு ஓடி முடிந்துவிடும்; பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அசைவிருக்காது, பிழைச்செய்தியும் வராது. 0 முதல் 9 வரையான பொத்தான்களை மடக்குக்குள் (லூப்) லாம்டா என்னும் பெயரில்லாச் செயற்கூறு வைத்து உருவாக்குவார். எதை அழுத்தினாலும் 9 வரும். லாம்டா மாறியின் மதிப்பைப் பிடித்துவைப்பதில்லை, அழுத்தும் நேரத்தில்தான் தேடுகிறது. அதற்குள் மடக்கு முடிந்து 9இல் நிற்கிறது.

இரண்டுக்கும் மருந்து தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இருக்கிறது. 2019இல் வந்த அந்நூல் பைத்தானின் இலக்கணத்துக்கு முன்பே செயற்கூறு, மாறிகளின் வரையெல்லை ஆகிய பாடங்களை வைத்தது. வகுப்பறையில் அவை ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிடுவதுதான் வருத்தம்.

கண்ணுக்குத் தெரியும் பலன் இல்லாவிட்டால் இளையோர் சலித்துவிடுவார்கள் என்ற மறுப்பு வலுவானது. 1967இல் பிறந்த லோகோ மொழியும், சீமோர் பேப்பர்ட் அதில் ஆமையை நகர்த்திக் கற்பித்ததும் அதற்குச் சான்று. ஆனால் ஆமை, நாம் எழுதிய வரிசையில் நகர்கிறது. பைத்தானில் அதே ஆமையைத் தரும் ‘டர்ட்டில்’ டிகின்டரின் மேல் கட்டப்பட்டதுதான். ஆனாலும் தொடக்க மாணவர் மெயின்லூப்பைப் பற்றிக் கவலைப்படாமல் படம் வரையலாம். ஆகவே படத்தை முதல் நாளே காட்டலாம், கட்டுப்பாட்டை ஒப்படைப்பதைத் தள்ளிவைக்கலாம்.

எப்போது ஒப்படைப்பது? வட்டி கணக்கிடும் ஒரு செயற்கூற்றை, உள்ளே எதையும் கேட்காமலும் அச்சிடாமலும், மதிப்பைப் பெற்று மதிப்பைத் திருப்பும்படி மாணவர் எழுதட்டும். அந்தச் செயற்கூற்றையே இன்னொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாகக் கொடுத்தும் பார்க்கட்டும். இவ்விரண்டும் கைவந்த மாணவரிடம் பொத்தானைத் தரலாம். வட்டிக் கணக்கில் ஒரு வரியைக்கூட அவர் மாற்ற வேண்டியிருக்காது.