தட்டச்சுப் பொறியும் அரச உத்தியோகமும்: பொல்பிட்டியவிலிருந்து எழுந்த ஒரு கேள்வி

பொல்பிட்டியவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்த யுவதி ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "சேர், அரச வேலைக்கு ரைப்பிங் டெஸ்ட் வைப்பாங்களாம். தமிழ் ரைப்பிங் பழகணும். எந்தக் கீபோர்டில பழகுறது?" பாமினி முறை என்கிறார் ஒருவர், தமிழ்99 என்கிறார் இன்னொருவர், கைத்தொலைபேசியில் எழுதுவதுபோல ஆங்கில ஒலிப்பில் அடித்தாலே போதும் என்கிறார் வேறொருவர். மூவரில் யாரை நம்புவது என்பதே அவருடைய சிக்கல். பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகள் விசைகளோடு காலங்கழித்த எனக்கு இது இலகுவான கேள்வியாகவே தோன்றியது. ஆயினும் விடை சொல்ல முற்பட்டபோதுதான், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு நிற்பது புலப்பட்டது.

முதலில் பொறியின் கதை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென வடிவமைக்கப்பட்ட பொறியில் இவற்றை எவ்வாறு அடக்குவது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த இரா. முத்தையா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழில் தேடிச் சென்ற அவர், அங்கு அலுவலகங்களில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளைக் கண்டு, தமிழுக்கும் அவ்வாறு ஒன்று வேண்டுமென உழைத்தார். அவர் அமைத்த விசைப்பலகையைக் கொண்ட பொறிகள் ஜேர்மனியில் செய்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன.

அவரது தீர்வின் உயிர்நாடி நகரா விசைகள் ஆகும். சாதாரண விசையை அழுத்தினால் எழுத்துப் பதிந்து தாளேந்தி ஓரிடம் நகரும். நகரா விசையை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாளேந்தி அசையாது. எனவே புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே மெய்யை அடித்தால் "க்" கிடைக்கும். இவ்வாறு, சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளும் அடங்கின. கையால் எழுதும்போது பின்னர் இடும் புள்ளியை முன்னர் இடப் பழகுவதே அக்காலத் தட்டச்சு மாணவரின் முதற் பாடமாயிற்று.

பொறி வந்துவிட்டது. ஆனால் அதில் அடிப்பதற்குத் தமிழில் அரச கடிதங்கள் வேண்டுமே! இங்குதான் 1956ஆம் ஆண்டு குறுக்கிடுகிறது. அவ்வாண்டிலே பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை மாநிலச் சட்டசபை தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இப்பால், இலங்கைப் பாராளுமன்றம் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தினால் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அங்கே தமிழ்த் தட்டச்சுச் சான்றிதழ் அரச வேலைக்கான திறவுகோலாயிற்று. இங்கே தமிழ் எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவரானார்.

அந்தப் பரீட்சைதான் இந்நாட்டின் மிக முக்கியமான வழக்குகளுள் ஒன்றைப் பிறப்பித்தது. 1961 டிசெம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை, குறித்த தரத்துச் சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்த வழிசெய்தது. பொது எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செ. கோடீஸ்வரன் பரீட்சை எழுத மறுத்தார், சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது, நீதிமன்றத்தை நாடினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி அதனை மாற்றியது. 1969 டிசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், தொடர முடியும் என்று தீர்மானித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு ஒருபோதும் விடை கிடைக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்போடு, வழக்கு ஊன்றி நின்ற 29ஆம் பிரிவும் மறைந்தது.

அதே 1969ஆம் ஆண்டிலேதான் பொல்பிட்டிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. லக்சபான நீர்மின் தொகுதியில் 75 மெகாவாட் ஆற்றலுடன் அது நாட்டுக்கு ஒளி தந்தபோது, சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கோடுதான் இருந்தன. அந்த லயங்களின் இளைஞருக்குச் சிங்களப் பரீட்சையோ தட்டச்சுப் பரீட்சையோ ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவற்றுக்கு வெகு முன்னமே இன்னொரு கதவு அடைபட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை அற்றவருக்கு அரச நியமனம் ஏது? 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்குப் புத்தகத்தில் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பிறகு பார்த்துக்கொள்வதற்கு. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே முடிவுக்கு வந்தது. வடக்கின் எழுதுவினைஞர் சம்பள ஏற்றத்துக்காக வழக்காடிய காலத்தில், மலையகத்தவர் விண்ணப்பப் படிவத்தையே தொட இயலாதிருந்தனர் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

சட்டம் மெதுவாகத் திரும்பியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988இல் 16ஆவது திருத்தம், மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக்க வழிவகுத்தது. அதன்படி 1999 நவம்பரில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் 12 பிரிவுகள் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டன. பொல்பிட்டிய அடங்கும் அம்பகமுவ அவற்றுள் ஒன்று. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொதுநிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என விதித்தது. வர்த்தமானியில் பெயர் ஏறுவது ஒன்று, மேசையில் தமிழ் தெரிந்தவர் அமர்வது வேறொன்று. தமிழில் தட்டச்சு செய்ய ஒருவர் இல்லாத அலுவலகத்தில், இருமொழிப் பிரிவு என்பது சுவரில் மாட்டிய பலகை மாத்திரமே.

இனி அந்த யுவதியின் கேள்விக்கு வருவோம். விசைப்பலகை ஏன் ஒன்றாக இல்லை? தட்டச்சுப் பொறி மறைந்தாலும் அதன் பழக்கம் கணினிக்குள் குடியேறியது. இலங்கையில் பழைய பொறியின் வழிவந்த ரெங்கநாதன் அமைப்பே 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் இடம்பெற்றது. பாமினி எழுத்துருவில் பழகியவருக்கு அது அந்நியமன்று. தமிழ்நாடு அரசோ 1999இல் தமிழ்99 அமைப்பை ஏற்றது. "பொல்பிட்டிய" என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறி வழியில் முதலெழுத்துக்குக் கொம்பு, பகரம், கால் என மூன்று தட்டுகள். தமிழ்99இல் பகரமும் ஒகரமுமாக இரண்டு. நடுவேயுள்ள "ட்டி"க்குப் பொறி வழியில் புள்ளியைத் தனியே இட வேண்டும். தமிழ்99இல் டகரத்தை இருமுறை அடித்தால் புள்ளி தானே விழும். இரண்டும் ஒரே சொல்லைத்தான் தருகின்றன, ஆனால் விரல்களின் நினைவு வேறு. ஒன்றில் பழகிவிட்டு மற்றதில் பரீட்சை எழுதினால் வேகம் பாதியாகும்.

ஆகவே நான் அவருக்குச் சொன்னது இதுதான். முதலில் அப்பதவிக்கான வர்த்தமானி அறிவித்தலைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள், மொழி, வேகம், விசைப்பலகை எதுவெனப் பாருங்கள். பிறகு ஒன்றை மட்டுமே பழகுங்கள். விசைகளைப் பாராமல் பத்து விரல்களாலும் அடியுங்கள். முதலில் பிழையின்மை, பின்னர்தான் வேகம். கிழமையில் ஒரு நாள் ஐந்து மணித்தியாலம் இருப்பதைவிட நாள்தோறும் அரை மணித்தியாலம் மேல். கைத்தொலைபேசியில் பெருவிரலால் பெற்ற வேகம் அங்கு உதவாது.

"கெசற்றில கீபோர்ட் பத்திப் போடலைன்னா, சேர்?"

"அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பிள்ளை. தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு அரசியலமைப்பில் இருக்கிறது. பதில் தமிழில் வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்பதையும் எனக்குச் சொல்லுங்கள்."

அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பதிலுக்கு அவரோடு நானும் காத்திருக்கிறேன்.