சுவரைத் துடைத்த மாவு

பிசைந்த மாவைக் குழந்தை உருட்டி, நசுக்கி, கையெல்லாம் பூசிக்கொண்டால் கடிந்துகொள்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். விளையாட்டு மாவின் வரலாறே அழுக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்க வீடுகளில் குளிர் போக்க நிலக்கரி எரித்த காலம் அது. சுவரில் ஒட்டிய அலங்காரத் தாள்மீது புகைக்கரி படிந்தது. நீரால் கழுவினால் தாள் கெட்டுவிடும். ஆகவே 1930-களில், சின்சினாட்டி நகரின் குட்டோல் நிறுவனம் பிசைந்த மாவு போன்ற பொருளொன்றை விற்றது. அதைத் தாளின்மேல் உருட்டினால் கரி ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலக்கரியின் இடத்தை எண்ணெயும் எரிவாயுவும் பிடித்தன. கழுவக்கூடிய வினைல் தாளும் வந்தது. மாவை வாங்குவார் குறைந்தனர், நிறுவனம் தள்ளாடியது.

அதைக் காப்பாற்றியவர் மழலையர் பள்ளி ஆசிரியை கே ஜூஃபால். வழக்கமான களிமண் பிஞ்சு விரல்களுக்குக் கடினமாக இருந்ததால், இந்த மாவைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் குதூகலித்தனர். அவருடைய உறவினரும் நிறுவனத்தைச் சேர்ந்தவருமான ஜோ மெக்விக்கர், மாவிலிருந்த சலவைப் பொருளை நீக்கினார். 1956-ஆம் ஆண்டில் 'பிளே-டோ' விற்பனைக்கு வந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணம் மைதா, அரைக் கிண்ணம் பொடியுப்பு, ஒரு கரண்டி எண்ணெய், சிறிது மஞ்சள்தூள். நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். மைதாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே மாவை இழுபட வைக்கிறது. அரிசி மாவில் அது இல்லை, ஆகையால் உதிரும். உப்பு, நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைக்காமல் தடுத்து, மாவு விரைவில் கெடாமல் காக்கிறது. குழந்தை அதைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உப்பு உடலுக்குத் தீங்கு.

கையில் ஒட்டியது கழுவினால் போய்விடும். விரல்கள் பழகிய திறன் போகாது.