மூன்று சிடி, நான்கு சிடி ஆன கதை

ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற வீடியோ கேம் பிறந்தது சோனியின் பிளேஸ்டேஷனுக்காக. ஆனால் பிளேஸ்டேஷன் 4க்கு அந்தப் பழைய ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கினால் கிடைப்பது 1997இன் பிளேஸ்டேஷன் ஆட்டம் இல்லை. 1998இல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கென்று மாற்றிச் செய்து, ரசிகர்களின் வாயில் விழுந்து எழுந்ததே ஒரு பிரதி, அதன் வம்சம்தான் கிடைக்கும். செல்போனில் ஓடுவதும் அந்த வம்சம்தான். நின்டெண்டோ ஸ்விட்சில் ஓடுவதும் அதுதான். மூலம் ஓரமாய் நின்றுவிட்டது, நகல்தான் ஊர் சுற்றுகிறது.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் இந்த வரிசையின் முதல் ஆறு ஆட்டங்களையும் நின்டெண்டோ கருவிகளுக்கே செய்தது. ஏழாவதும் அங்கேதான் போயிருக்க வேண்டும். ஆனால் நின்டெண்டோ 64 கேசட்டை விடமாட்டேன் என்றது. அந்தக் கேசட்டில் அதிகபட்சம் 64 மெகாபைட்தான் கொள்ளும், ஒரு சிடியிலோ 650 மெகாபைட். நீளமான வீடியோக் காட்சிகளோடு கதை சொல்ல நினைத்த தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சிக்கும் இயக்குநர் யோஷினோரி கிட்டாசேவுக்கும் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1996இல் ஸ்கொயர் சோனி பக்கம் வந்தது. 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் ஆட்டம் மூன்று சிடிகளாக வெளியானது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிய ரோல்-பிளேயிங் ஆட்டம் என்றால் முகம் சுளித்த அமெரிக்கக் கடைகளில்கூட அது பறந்தது.

கம்ப்யூட்டருக்கும் வரப்போகிறது என்ற பேச்சு 1996 டிசம்பரிலேயே கிளம்பிவிட்டது. அப்போது பிளேஸ்டேஷன் பதிப்பே வெளியாகியிருக்கவில்லை. ஓராண்டு கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. டோம்ப் ரைடரை வெளியிட்ட லண்டன் நிறுவனமான ஐடோஸ், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் உரிமையை 18 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு லட்சம் பிரதி போகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மாற்றிச் செய்யும் வேலை கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் இருந்த ஸ்கொயரின் கிளைக்குப் போனது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்த வேலையின் சுபாவத்தை விளக்க வேண்டியதில்லை. தோல் ஒருவருடையது, டிசைன் இன்னொருவருடையது, கடையில் விற்கும்போது மேலே இருக்கும் பெயர் மூன்றாமவருடையது, நடுவில் உழைப்பு மட்டும் நம்முடையது. ஜாப் ஒர்க். ஒரு கன்சோல் ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குப் போர்ட் செய்வதும் ஏறக்குறைய அதுதான். நன்றாக வந்தால் பாராட்டு மூல ஆசிரியருக்கு, கோணலாக வந்தால் திட்டு போர்ட் செய்தவருக்கு. கோஸ்டா மேசாக்காரர்கள் முன்னால் சாம்பிள் ஷூ இருந்தது. பேட்டர்ன்தான் ஐந்து பேர் ஐந்து விதமாக வெட்டிப் போட்டதாக இருந்தது.

உவமைக்காக ஐந்து என்று சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் ஆட்டத்துக்குள் உண்மையிலேயே ஐந்து வெவ்வேறு எஞ்சின்கள் இருந்தன. காரணம் அந்தக் கருவியின் சின்ன வயிறு. அதில் மெயின் மெமரி 2 மெகாபைட், படத்துக்கு 1 மெகாபைட், பிராசஸர் 34 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே. ஊருக்குள் நடக்கும்போது அதற்குரிய நிரல் மட்டும் மெமரியில் இருக்கும். சண்டை வந்தால் அதை வெளியே தள்ளிவிட்டுச் சண்டை நிரல் உள்ளே வரும். உலக வரைபடத்தில் அலையும்போது இன்னொன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழு தன் பாணியில் எழுதியிருந்தது. இவற்றையெல்லாம் விண்டோஸ் 95இல் ஓடும் ஒரே நிரலாகச் சேர்க்க, ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. வேலை இழுத்துக்கொண்டே போனதில் வியப்பில்லை.

இதோடு கருவியின் குணம் வேறு. பிளேஸ்டேஷனுக்குத் தசமக் கணக்குப் போடும் தனிப் பகுதி கிடையாது, எல்லாம் முழு எண்தான். எது முன்னால் எது பின்னால் என்று புள்ளிக்குப் புள்ளி பார்க்கும் வசதியும் இல்லை. எதை முதலில் வரைவது என்பதை நிரல்தான் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பிளேஸ்டேஷனைப் போலவே உலகத்தில் உள்ள அத்தனை பிளேஸ்டேஷனும் இருக்கும். 1998இன் கம்ப்யூட்டர் அப்படியா? ஒருவர் மேசையில் 3டிஎஃப்எக்ஸ் கார்டு, அடுத்தவரிடம் ரிவா, மூன்றாமவரிடம் கார்டே இல்லை. சவுண்டு கார்டும் ஆளுக்கொரு ரகம். இத்தனைக்கும் ஒரே ஆட்டம் ஓட வேண்டும். 256 நிறப் பட்டியலை வைத்துப் படம் பூசும் பழைய முறையையே கம்ப்யூட்டர் பிரதியும் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் புதிய கார்டுகள் அந்த முறையைக் கைவிட்டன. ஆட்டம் அப்போது அந்தரத்தில் நின்றது.

1998 ஜூனில் அது கடைக்கு வந்தது. அலமாரியில் கண்ணில் படட்டும் என்று ஐடோஸ் அட்டைப்பெட்டியைச் சரிவகமாகச் செய்திருந்தது. உள்ளே நான்கு சிடி: கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒன்று, ஆடுவதற்கு மூன்று. ஒரு மாதத்துக்குள் விற்பனை அவர்கள் கணக்கைத் தாண்டிவிட்டது.

ஆனால் ஆடியவர்கள் முனகினார்கள். பாத்திரங்கள் 640க்கு 480 அளவில் கத்தி போல் கூர்மையாக நின்றன. அவை நின்ற பின்னணிப் படங்களோ பிளேஸ்டேஷனுக்கு வரைந்தவை, அவற்றை இழுத்துப் பெரிதாக்கியதில் மங்கலாகிவிட்டன. நோபுவோ உயெமட்சுவின் இசை, சவுண்டு கார்டே வாசிக்க வேண்டிய மிடியாக மாறியது. நல்ல சவுண்டு கார்டு இல்லாதவர்களுக்காக யமஹாவின் மென்பொருள் ஒன்றைக் கூடவே கொடுத்தார்கள், அப்படியும் பல வீடுகளில் அது கல்யாண வீட்டு கீபோர்டு போலத்தான் ஒலித்தது. சில கம்ப்யூட்டர்களில் வீடியோ தலைகீழாக ஓடியது. சோகோபோ என்ற பெரிய பறவைமேல் ஏறிப் பந்தயம் போகும் கட்டத்தில் ஆட்டம் செத்து விழுந்தது, அதற்கென்றே ஒரு பேட்ச் வர வேண்டியிருந்தது. பாத்திரங்களுக்கு வாய் வேறு வரைந்திருந்தார்கள். பிளேஸ்டேஷனில் வாய் கிடையாது. இல்லாமலே நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

நம் பக்கத்துக்கு அது கடை வழியாக வரவில்லை. முதல் பிளேஸ்டேஷனை வேலூரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்த வீடுகளில் ஒன்றிரண்டு இருந்திருக்கும், மற்ற வீடுகளில் கேசட் போடும் மலிவு வீடியோ கேம் பெட்டிதான். கம்ப்யூட்டர் அப்படியல்ல. தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் இருந்தது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய மாடி அறைகளில் இருந்தது, பிறகு பிரவுசிங் சென்டர்களிலும் வந்தது. தோல் வியாபாரம் என்றாலே சென்னை பெரியமேட்டுக்குப் போய் வர வேண்டும். பெரியமேட்டிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டோ பீச் ஸ்டேஷன் பக்கத்துப் பர்மா பஜாரோ தூரமில்லை. சாம்பிளோடு போனவர் பையில் கேம் சிடியோடு திரும்புவார். அந்தச் சிடி ஐடோஸுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காத சிடி என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். வீடியோவையும் பாட்டையும் பிடுங்கிவிட்டு ஒரே சிடியில் திணித்த பிரதிகளும் புழங்கின. அதில் ஆடியவர்களுக்கு மிட்கர் நகரத்தின் தொடக்கக் காட்சியே தெரியாது. கதாநாயகன் க்ளவுட் ஏன் ரயிலிலிருந்து குதிக்கிறான் என்று புரியாமலேயே மணிக்கணக்கில் ஆடினார்கள். ஆட்டத்தின் ஆங்கிலம் புரியாதவர்களும் ஆடினார்கள் என்பதால் இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் வேறொரு வழியும் திறந்தது. பிளேஸ்டேஷன் சிடியை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டும் எமுலேட்டர்கள் 1999வாக்கில் வர ஆரம்பித்தன. சோனி வழக்குப் போட்டது. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் எமுலேட்டர் விஷயத்தில் 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இசையும் படமும் மூலத்தில் இருப்பது போலவே வேண்டும் என்றவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். புதிய விண்டோஸில் ஓட மறுத்த கம்ப்யூட்டர் பிரதி அத்தோடு அனாதையாகியிருக்கும்.

ஆகாமல் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். சம்பளமில்லாத ஆட்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள். சோர்ஸ் கோட் கையில் இல்லாமலேயே, ஓடும் நிரலை அக்கக்காகப் பிரித்துப் படித்து, எந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். படம் வரையும் பகுதியையே புதிதாக எழுதி, புதிய கார்டுகளில் ஓட வைத்தார்கள். மிடியைத் தூக்கிவிட்டு நல்ல இசையைச் செருகினார்கள். மொழிபெயர்ப்பை முதலிலிருந்து திரும்பச் செய்தவர்கள் உண்டு. 2018க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்த மங்கல் பின்னணிகளைத் துடைத்துக் கூர்மையாக்கினார்கள். இந்த மாற்றங்களையெல்லாம் சுலபமாகப் போட்டுக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது, பெயர் செவன்த் ஹெவன். ஆட்டத்தில் டிஃபா என்ற பாத்திரம் நடத்தும் மதுக்கடையின் பெயர் அது.

நிறுவனம் விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். ஸ்கொயர் 2003இல் எனிக்ஸோடு இணைந்தது. 2009இல் ஐடோஸையே விலைக்கு வாங்கியது. 18 லட்சம் டாலர் கொடுத்து உரிமை வாங்கியவர், உரிமை கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தார். 2012 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் பிரதியைத் தூசி தட்டித் திரும்ப வெளியிட்டார்கள், அப்போதும் அதே மிடி இசைதான். கூச்சல் கிளம்பிய பிறகே இசை மாறியது. 2013 ஜூலையில் ஸ்டீம் என்ற இணையக் கடைக்கு வந்தது.

2014 டிசம்பரில் சோனி நடத்திய விழா மேடையில் ஃபைனல் ஃபேன்டசி 7 என்றதும் கூட்டம் ரீமேக்கை எதிர்பார்த்து எழுந்தது. வந்ததோ பழைய கம்ப்யூட்டர் பிரதி பிளேஸ்டேஷன் 4க்கு வரப்போகிறது என்ற செய்தி. அரங்கத்துக்கு ஏமாற்றம். எனக்கு அதைவிடச் சுவாரசியமான அறிவிப்பு இல்லை. பிளேஸ்டேஷனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன ஆட்டம், கம்ப்யூட்டரிலிருந்து பிளேஸ்டேஷனுக்குத் திரும்புகிறது! 2015 ஆகஸ்டில் ஐஃபோன், டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, 2019 மார்ச்சில் ஸ்விட்சும் எக்ஸ்பாக்ஸும். கோஸ்டா மேசாவில் திரும்ப எழுதிய அந்தச் சோர்ஸ் கோடே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. மூலத்தைப் பத்திரப்படுத்தாத பழக்கம் ஸ்கொயரில் அபூர்வமில்லை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் ஆட்டத்தின் டேட்டா தொலைந்து, 2013 எச்டி பதிப்புக்காக நிறையத் திரும்பச் செய்ய நேர்ந்தது.

இந்த ஜாப் ஒர்க் இப்போது நமக்கும் தூரமில்லை. ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் படமும் மாடலும் செய்துகொடுத்தே வளர்ந்தது. ஃபோர்சா கார் பந்தய வரிசையிலும் அதன் கை உண்டு. 2019இல் ராக்ஸ்டார் என்ற வெளிநாட்டு கேம் நிறுவனம் அதை வாங்கியது. வேலூர்க் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படித்து இந்தத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இப்படி அடுத்தவர் ஆட்டத்தில் கை வைக்கும் வேலையாகத்தான் இருக்கும். கேவலமாக நினைக்க வேண்டாம்.

ஆட விரும்புகிறவருக்கு ஒரு வார்த்தை. ஸ்டீமில் பிற்பாடு வந்த ரீமேக்கும் இருக்கிறது, பழையதும் இருக்கிறது, முதலில் பழையதை வாங்குங்கள். செவன்த் ஹெவனைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். இசைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று போதும். வாயை எடுத்துவிடும் வசதியும் அதில் உண்டா என்று தேடிப் பாருங்கள். சோகோபோ பந்தயத்துக்கு முன்னால் மட்டும் ஒரு முறை சேவ் செய்துவிடுங்கள்.