அசோகனும் நாவடக்கமும்

தன் சமயத்திற் பற்றும் பிற சமயத்தார்பால் அன்பும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே நிலைபெறுதல் கூடுமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பற்று மிகுந்தால் அன்பு குறுகும் என்பர் சிலர். அன்பு விரிந்தால் பற்றுத் தளரும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டினையும் பொருத்தி வாழ முயன்ற அரசன் ஒருவனைச் சரித்திரம் நமக்குக் காட்டுகின்றது. அவன் மௌரிய மன்னனாகிய அசோகன். அவன் முயற்சி எங்கே நின்றுவிட்டது என்பதையும் அச்சரித்திரமே காட்டுகின்றது.

கி. மு. 268 ஆம் ஆண்டளவில் முடிசூடிய அசோகன், எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றான். அப்போரில் 150,000 பேர் சிறைப்படுத்தப்பட்டு அகற்றப்பட்டனர். 100,000 பேர் கொல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கினர் மாண்டனர். இத்தொகைகளை உரைத்தவர் பகைவர் அல்லர். வென்றவனே தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வருத்தத்தோடு பொறிப்பித்தான். தன் வெற்றியைத் தன் துயரமாகக் கல்லில் எழுதுவித்த வேந்தர் உலகில் மிகச் சிலரே.

அசோகன் பௌத்தன். புத்தர் பிறந்த லும்பினிக்கு யாத்திரை சென்று ஆங்குத் தூண் நாட்டியவன். எனினும் ஆசீவகத் துறவியர்க்கும் பராபர் மலைக் குகைகளை வழங்கினான். கொடையினும் சிறந்தது அவன் பன்னிரண்டாம் சாசனத்திற் கூறும் அறம். தானமும் வழிபாடும் பெரியவை அல்ல. எல்லாச் சமயங்களிலும் சாரம் வளர்தலே பெரிது. அச்சாரத்திற்கு வேர் நாவைக் காத்தல். தக்க காரணமின்றித் தன் சமயத்தைப் புகழ்தலும் பிறர் சமயத்தை இகழ்தலும் ஆகா. பற்று மிகுதியால் அவ்வாறு செய்பவன் தன் சமயத்துக்கே தீங்கு இழைக்கின்றான் என்பது அதன் கருத்து.

1837 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தபின் இக்கருத்து மீண்டும் உலகறிய வந்தது. 1963 இல் காந்தகாரில் கிடைத்த கல்லொன்றில் இச்சாசனத்தின் இறுதிப் பகுதி கிரேக்க மொழியிலும் காணப்பட்டது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று அசோகன் கூறினானல்லன் என்பதை மாணாக்கர் கருத்திற் கொள்ளல் வேண்டும். வேற்றுமை இருக்கட்டும், ஒருவர் அறத்தை மற்றவர் செவிமடுக்கட்டும் என்பதே அவன் வேண்டியது. பற்றினைக் கைவிடாது அன்பு செய்தற்கு அவன் கண்ட வழி இதுவே.

ஆயின், ஆராய்வோர் கடந்து செல்லலாகாத செய்தி ஒன்றுண்டு. கலிங்கப் போரைப் பற்றிய பதின்மூன்றாம் சாசனம் கலிங்கத்தில் இல்லை. ஒடிசாவிலுள்ள தௌலி, ஜௌகட என்னும் இரண்டிடங்களிலும் அது விடப்பட்டு, வேறு இரு சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குடிகள் யாவரும் தன் மக்கள் என்றும், காரணமின்றி எவரையும் சிறையிட்டு வருத்தலாகாது என்றும் அவை அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகின்றன. நல்லுரைகளே, எனினும் வருத்தம் தெரிவிக்கும் சொல் ஆங்கில்லை. சோழரையும் பாண்டியரையும், இலங்கையெனக் கொள்ளப்படும் தம்பபண்ணியையும் சுட்டும் அச்சாசனம், துயருற்ற மக்களின் மண்ணில் எழுதப்படவில்லை. சிறைகொண்டு அகற்றியோரை மீட்டனுப்பியதாகவும் அவன் சாசனங்கள் கூறவில்லை. ஆறிவரும் புண்ணைக் கிளறலாகாது என அரசன் கருதினான் என்பாரும் உளர். அரசியல் எச்சரிக்கையே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், நாவடக்கம் ஈண்டு வேறொரு முகம் கொள்கின்றது.

பிறர் நம்பிக்கையைப் பழிக்காது அடங்கும் நா அன்பின் வழிப்பட்டது. தன் பிழையை அதனால் வருந்தினோர் முன் உரையாது அடங்கும் நா அத்தகையதன்று. முன்னதை அசோகன் உலகுக்குக் கற்பித்தான். பின்னதன் குறையை, தான் அறியாமலே, கல்லில் விட்டுச் சென்றான். இதனால் அவன் பெருமை குன்றிவிடாது. தன் காலத்து அரசர் எண்ணியும் பாராத தொலைவுக்கு நடந்தவன், இறுதி அடியொன்றை வைக்காது நின்றான், அவ்வளவே.

பல சமயத்தார் அயலவராய் வாழும் இத்தீவில் அவ்வடியை எடுத்துவைத்தல் நம் கடமையாகும். பிறர் குறையைக் கூறுமிடத்து நாவைக் காப்போம். நம் குறையைக் கூறவேண்டிய இடத்து அதனைக் கட்டவிழ்ப்போம். எவ்விடத்து எது தகும் எனத் தெரிந்து ஒழுகுதலே அறிவோடு வாழ்தல். பாடசாலைகள் கற்பிக்கத்தக்க பாடங்களுள் இதனினும் அரியது பிறிதொன்றில்லை.